குறைமாதக் குழந்தையின் கல்லீரலும் குடலும்: ஒரு மருத்துவ வரலாறு

கர்ப்பத்தின் 37 வாரம் நிறையும் முன்னே பிறந்துவிடும் குழந்தையின் கல்லீரலை நோயுற்ற கல்லீரல் என்று சொல்ல முடியாது. கருவறையில் இருக்கும்வரை கழிவை அகற்றுவதும் சர்க்கரையைச் சீராக வைப்பதும் பெரும்பாலும் தாயின் உடலும் நஞ்சுக்கொடியும் பார்த்துக்கொள்ளும் வேலைகள். தொப்புள்கொடி அறுந்ததும் அத்தனையும் ஒருசேரக் கல்லீரலின் பொறுப்பாகின்றன. நிறைமாதக் குழந்தைக்கே இந்த மாற்றம் சில நாட்கள் சிரமம் தரும். 28 அல்லது 30 வாரத்தில் பிறந்த குழந்தையின் நிலை இன்னும் கடினம். கல்லீரலில் கிளைக்கோஜன் சேமிப்பு பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் நடக்கும் என்பதால் அதனிடம் சர்க்கரைக் கையிருப்பு சொற்பம். ரத்தத்தில் அல்புமின் என்னும் புரதம் குறைவு. பித்த உப்புகளும் குறைவாகவே இருப்பதால் கொழுப்பு சரிவரச் செரிப்பதில்லை. உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒருங்கிணைக்கும் திறனும் ஏறத்தாழ 34 வாரத்தில்தான் கைகூடுகிறது.

இவை இன்று பாடநூல் செய்திகள். ஆனால் இவற்றில் பல, நன்மை கருதிக் கொடுக்கப்பட்ட மருந்தோ, உணவோ, உணவு மறுப்போ குழந்தைகளுக்குத் தீங்கு செய்தபோது தெரியவந்தவை. கல்லீரலால் எதைச் செய்ய முடியாது என்பதை மருத்துவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டறிந்த வரிசையே இத்துறையின் வரலாறு.

குறைமாதக் குழந்தையைப் பிழைக்க வைக்கலாம் என்ற நம்பிக்கை முறையான மருத்துவமாகத் தொடங்கிய இடம் பாரிஸ். மகப்பேறு மருத்துவர் ஸ்தெஃபான் தார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்து, 1880-இல் பச்சிளங்குழந்தைகளுக்கான வெப்பப் பெட்டியைச் செய்யவைத்தார். 2000 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு அதன் பயனாக 66 விழுக்காட்டிலிருந்து 38 விழுக்காடாக இறங்கியது என்று பதிவானது. உறிஞ்ச இயலாத குழந்தைக்குக் குழாய் வழியே பால் புகட்டும் முறையையும் அவர் பரப்பினார். அவருடைய மாணவர் பியேர் புதேன் 1900-இல் வெளியிட்ட நூலில் பாலின் அளவு விரிவாகப் பேசப்படுகிறது. அளவு மீறினால் வயிறு கெடும் என்றும், போதாமல் போனால் குழந்தைக்கு நீலம் பாரிக்கும் என்றும் அவர் கவனித்தார். பின்னாளில் ரத்தச் சர்க்கரைக் குறைவு என்று அறியப்பட்ட நிலை அந்த நீலத்தின் காரணங்களில் ஒன்றாக இருந்திருக்கக் கூடும். ரத்தத்தை அளந்து பார்க்க அன்று வழியில்லை. இருந்தும் தாய்ப்பாலே சிறந்தது, சிறிது சிறிதாக, ஆனால் தாமதமின்றிப் புகட்ட வேண்டும் என்ற அவருடைய முடிவு நூறாண்டுக்குப் பின்னும் நிற்கிறது. இடையில் மருத்துவம் அதைவிட்டு வெகுதூரம் விலகிப் போனதுதான் வருத்தத்துக்குரியது.

காமாலையின் வரலாறு ஜெர்மனியின் பிணக்கூறாய்வு மேசையிலிருந்து தொடங்குகிறது. கடும் மஞ்சள் காமாலையோடு இறந்த குழந்தை ஒன்றின் மூளையின் ஆழப்பகுதிகளில் மஞ்சள் நிறம் ஏறியிருந்ததை யோஹானஸ் ஓர்ட் 1875-இல் பதிவு செய்தார். மூளைக் காமாலை எனத்தக்க அந்நிலைக்குக் ‘கெர்ன்இக்டெரஸ்’ என்ற பெயரை கிறிஸ்டியான் கேயோர்க் ஷ்மோர்ல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சூட்டினார். நெடுங்காலம் அது கல்லீரல் பற்றிய செய்தியாகக் கருதப்படவில்லை. 1940-இல் ஆர்எச் காரணி கண்டுபிடிக்கப்பட்டு, தாய்க்கும் சேய்க்கும் ரத்தவகை ஒவ்வாமல் சிவப்பணுக்கள் சிதைவது விளங்கியதும், மூளையில் ஏறும் மஞ்சளுக்கும் அதுவே காரணம் என்று பலர் நினைத்தனர். பாஸ்டனில் லூயி டயமண்டும் உடன்பணியாளர்களும் ரத்தமாற்றுச் சிகிச்சையை வளர்த்தெடுத்தனர். இந்நோயில், சிவப்பணுக்கள் சிதைவதால் உண்டாகும் மஞ்சள் நிறமியான பிலிரூபின் 100 மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் மூளை ஆபத்துக்குள்ளாகும் என்ற எல்லைக்கோடு 1952-இல் அங்கிருந்தே வந்தது. ஆனால் 1950 முதல் வெளியான அறிக்கைகள் இந்த எண்ணத்தைக் குலைத்தன. ரத்தவகை ஒவ்வாமை ஏதும் இல்லாத குறைமாதக் குழந்தைகளின் மூளையிலும் அதே மஞ்சள் காணப்பட்டது.

இதற்குள் இன்னொரு தடயம் நியூயார்க்கில் கிடைத்திருந்தது. சாமுவேல் லெவீன் குழுவினர் 1939-இல், பசும்பால் உணவில் வளர்ந்த குறைமாதக் குழந்தைகளின் சிறுநீரில் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் அரைகுறையாகச் சிதைந்த பொருட்கள் வெளியேறுவதைக் கண்டனர். வைட்டமின் சி கொடுத்ததும் அது நின்றது. புரதத்தைச் சிதைக்கும் தொடரில் ஒரு நொதி தடுமாறுகிறது, அதற்குத் துணைப்பொருள் தந்தால் ஓரளவு எழுந்து நிற்கிறது என்பது அதன் பொருள். ஆனால் அந்தப் பாடம் அக்காலத்து உணவுமுறையை மாற்றவில்லை. 1947-இல் அதே வட்டாரத்து ஆய்வு, கொழுப்பு குறைத்த பசும்பால் குடித்த குழந்தைகள் தாய்ப்பால் குடித்தவர்களைவிட வேகமாக எடை கூடுவதைக் காட்டியது. எடையே வளர்ச்சியின் அளவுகோலாக இருந்த காலம் அது. புரதம் மிகுந்த பால் பரவலாயிற்று.

அதன் விலை பின்னரே தெரிந்தது. பிறந்து ஓரிரு வாரம் கழித்து, நன்றாகத் தேறிவரும் குழந்தைகளின் ரத்தத்தில் அமிலம் கூடுவதும் எடை தேங்குவதும் 1960-களில் விவரிக்கப்பட்டன. 1970-இல் ஸ்டர்மன், கால், ரையா ஆகியோர், மெதியோனினிலிருந்து சிஸ்டீனைச் செய்யும் நொதித்தொடரின் கடைசி நொதியான சிஸ்டதயோனேஸ் மனிதக் கருவின் கல்லீரலில் காணப்படவில்லை என்று காட்டினர். பெரியவர்களின் உடல் தானே செய்துகொள்ளும் சிஸ்டீன், இக்குழந்தைகளுக்கு உணவிலிருந்து வந்தாக வேண்டும். தாய்ப்பாலில் அது தாராளம். பசும்பாலின் பெரும்பகுதிப் புரதமான கேசினில் குறைவு. ஹெல்சின்கியில் நடந்து 1976-இல் வெளியான ஒப்பீட்டில், கேசின் மிகுந்த, புரதமும் மிகுந்த பால் குடித்த குழந்தைகளின் ரத்தத்திலேயே டைரோசினும் பினைல்அலனினும் அமிலத்தன்மையும் மிகுதியாக ஏறின. புரதத்தின் அளவோடு அதன் தன்மையும் கல்லீரலுக்கு முக்கியம் என்பது அதற்குப் பின்னரே உறுதியாயிற்று.

உணவின் வகையில் நிகழ்ந்த பிழையைவிடப் பெரியது உணவை நிறுத்திவைத்த பிழை. பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. கருவிகள் முரடானவை; செவிலியர் குறைவு. உடலில் நீர் கோத்திருந்த குழந்தைகள் பட்டினியில் வடிந்து மெலிவது நன்மையாகவும் தோன்றியது. மான்செஸ்டரைச் சேர்ந்த கெய்ஸ்ஃபோர்டும் ஸ்கோஃபீல்டும் 1950-இல் குறைமாதக் குழந்தைகளின் தொடக்கப் பட்டினிக் காலத்தை நீட்டிப்பதைப் பரிந்துரைத்து எழுதினர். இரண்டு, மூன்று நாட்கள், சில இடங்களில் அதற்கும் மேல், குழந்தை நீர்கூட இல்லாமல் விடப்பட்டது. கிளைக்கோஜன் கையிருப்பு இல்லாத கல்லீரலுக்கு இதைவிடக் கடுமையான சோதனை இருக்க முடியாது.

அதே பத்தாண்டில்தான் மருந்துகளும் கல்லீரலைச் சோதித்தன. ரத்தக்கசிவைத் தடுக்கத் தரப்பட்ட செயற்கை வைட்டமின் கே, பெரிய அளவில் போட்டபோது சிவப்பணுக்களைச் சிதைத்து பிலிரூபினைக் கூட்டியது. 1955-இல் பிரிட்டனில் மேரி கிராஸ் உள்ளிட்டோர் அதன் அளவுக்கும் மூளைக் காமாலைக்கும் உள்ள தொடர்பைச் சுட்டினர். அளவு குறைக்கப்பட்டது. ஊசியையே நிறுத்த வேண்டிய தேவை எழவில்லை.

இவற்றில் மிகுதியும் நினைக்கத்தக்கது நியூயார்க்கின் பேபீஸ் மருத்துவமனையில் நடந்த ஒப்பீடு. நோய்த்தொற்றைத் தடுக்க அங்கே குறைமாதக் குழந்தைகளுக்குப் பென்சிலினும் சல்ஃபிசாக்சசோலும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். அது பாதுகாப்பானது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. தோலுக்கடியில் போடத்தக்க ஆக்சிடெட்ராசைக்ளின் புதிதாக வந்தபோது, அது பழைய மருந்துக்கு ஈடாகுமா என்று பார்க்க வில்லியம் சில்வர்மனும் டோரதி ஆண்டர்சனும் உடன்பணியாளர்களும் குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினர். 1956-இல் வெளியான முடிவு அதிர்ச்சியளித்தது. பழகிய மருந்து பெற்ற பிரிவில் இறப்பு கூடுதல். பிணக்கூறாய்வில் மூளைக் காமாலையும் அதே பிரிவில் மிகுதி. குலுக்கல் நடந்திராவிட்டால் அந்த இறப்புகள் குறைமாதத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டிருக்கும்.

காரணத்தை ஜெரார்டு ஓடெல் 1959-இல் விளக்கினார். கல்லீரல் இன்னும் பக்குவப்படுத்தாத பிலிரூபின் நீரில் கரையாது. அல்புமினைப் பற்றிக்கொண்டே ரத்தத்தில் பயணம் செய்யும். சல்ஃபா மருந்தும் அல்புமினில் அதே இடத்தையே நாடுகிறது. இடம் பறிபோன பிலிரூபின் ரத்தத்தை விட்டு மூளைக்குள் செல்கிறது. இதில் கொடிய சிக்கல் ஒன்று ஒளிந்திருந்தது. ரத்தத்தில் அளக்கப்படும் பிலிரூபின் குறைகிறது. குழந்தை தேறுவதாகத் தோன்றும்போதே மூளை நஞ்சேறுகிறது. 20 மில்லிகிராம் எல்லைக்கோடு இக்குழந்தைகளைக் காக்காததன் காரணம் இதனால் விளங்கிற்று. ரத்தத்தில் அமிலம் கூடுவதும் ஆக்சிஜன் குறைவதும் அல்புமின் பற்றாக்குறையும் இதே திசையில் தள்ளுகின்றன. மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்றும் தாழ்ந்த எல்லைகள் வைக்கப்படுவது இதனால்தான்.

பிலிரூபினைக் கல்லீரல் எப்படிப் பக்குவப்படுத்துகிறது என்பதும் அதே ஆண்டுகளில் தெரிந்தது. நேர்வினை தருவது, மறைமுக வினை தருவது என்று பிலிரூபினில் இரு வகை இருப்பதை டச்சு மருத்துவர் வான் டென் பெர்க் முன்பே பிரித்துக் காட்டியிருந்தார். அவற்றின் வேறுபாடு குளுக்குரோனிக் அமிலம் சேர்வதே என்று 1956-ஐ ஒட்டி பிர்னோவில் தலஃபாந்தும் அமெரிக்காவில் ரூடி ஷ்மிடும் லண்டனில் பார்பரா பில்லிங், ஜெரால்ட் லேத் குழுவினரும் தனித்தனியே கண்டறிந்தனர். அமிலத்தைச் சேர்த்து பிலிரூபினை நீரில் கரையச் செய்யும் நொதி, பச்சிளம் கல்லீரலில் மிகக் குறைவு என்பது 1958-க்குள் தெளிவாயிற்று. ஜப்பானின் கவாதேயும் ஒனிஷியும் 1981-இல் அதை அளந்தே காட்டினர். 17 முதல் 30 வாரம் வரையிலான கருவில் அந்நொதியின் செயல்பாடு பெரியவர்களுடையதில் 0.1 விழுக்காடு, 30 முதல் 40 வாரத்தில் 1 விழுக்காடு. பிறந்த பிறகு அது வேகமாக உயர்ந்து ஏறத்தாழ 14 வாரத்தில் முழுமை பெறுகிறது.

நொதி போதாது என்று ஆய்வுக்கூடம் அறிந்துகொண்டிருந்த அதே வேளையில், அதை நம்பி ஒரு மருந்து வார்டுகளில் ஓடிக்கொண்டிருந்தது. குளோராம்பெனிக்கால் என்னும் அந்த நுண்ணுயிர்க்கொல்லி உடலைவிட்டு வெளியேறப் பிலிரூபினைப் போலவே குளுக்குரோனிக் அமிலம் அதனோடு சேர வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் பர்ன்ஸ், ஹாட்ஜ்மன், காஸ் ஆகியோர் 1959-இல் வெளியிட்ட ஒப்பீட்டில் மருந்து பெறாத குறைமாதக் குழந்தைகளில் ஐவரில் ஒருவர் அளவுக்கே இறந்தனர். இம்மருந்து பெற்றவர்களில் பாதிக்கு மேல். வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி, ரத்த ஓட்டம் சரிந்து அவர்கள் இறந்ததால் அந்நிலைக்குச் ‘சாம்பல் நிறக் குழந்தை’ நோய் என்றே பெயராயிற்று. பெரியவர்களின் அளவை எடைக்கேற்பச் சுருக்கினால் குழந்தையின் அளவு கிடைத்துவிடும் என்ற கணக்கு அத்தோடு முடிவுக்கு வந்தது. கல்லீரலின் வயதைக் கணக்கில் கொள்ளும் மருந்தியல் தொடங்கிற்று.

கல்லீரலின் சர்க்கரைக் கையிருப்பு பற்றிய உண்மையும் இதே காலத்தில் வெளிப்பட்டது. 1959-இல் சிகாகோவில் மார்வின் கார்ன்பிளாத்தும் உடன்பணியாளர்களும் கர்ப்பகால நச்சுநிலை கண்ட தாய்மாருக்குப் பிறந்த 8 குழந்தைகளைப் பற்றி எழுதினர். நடுக்கமும் நீலமும் வலிப்பும் மூச்சுத் தடையும் கண்ட அவர்களின் ரத்தத்தில் சர்க்கரை மிகத் தாழ்ந்திருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் அறிகுறிகள் மறைந்தன. இரண்டாண்டு கழித்து ஆக்ஸ்போர்டில் ஹெதர் ஷெல்லி, பல உயிரினங்களின் கருக்களில் கிளைக்கோஜன் சேர்வதையும் பிறந்த சில மணி நேரத்தில் அது கரைவதையும் தொகுத்துக் காட்டினார். பட்டினி போடும் வழக்கத்துக்கு ஆதாரம் இல்லாமல் போயிற்று.

அதே ஆக்ஸ்போர்டில் விக்டோரியா ஸ்மால்பீஸும் பமேலா டேவீஸும் 1000 முதல் 2000 கிராம் எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள், நீர் கலக்காத தாய்ப்பாலைக் குழாய் வழியே கொடுக்கத் தொடங்கினர். 1964-இல் அவர்கள் எழுதிய கட்டுரை ஒரு காலகட்டத்தை முடித்துவைத்தது. சர்க்கரைக் குறைவின் அறிகுறிகள் தோன்றவில்லை, காமாலையும் தணிந்தது. பால் கொடுத்தால் காமாலை ஏன் குறைய வேண்டும் என்ற கேள்விக்கான விடை கல்லீரலில் அன்றி குடலில் இருந்தது. கல்லீரல் பக்குவப்படுத்தி அனுப்பிய பிலிரூபினைக் குடலில் உள்ள ஒரு நொதி மறுபடி பிரித்துவிடுகிறது. பிரிந்தது ரத்தத்துக்குத் திரும்புகிறது. வயிறு இயங்காமல் பிறந்த குழந்தையின் முதல் மலமான காட்டுப்பீ தேங்கியிருந்தால், அதிலுள்ள பிலிரூபினும் அவ்வாறே திரும்பும். டென்மார்க்கில் புரோடர்சனும் ஹெர்மனும் 1963-இலும், அமெரிக்காவில் போலந்தும் ஓடெலும் 1971-இலும் இச்சுழற்சியை நிறுவினர். பட்டினி, சர்க்கரையைக் குறைத்ததோடு காமாலையையும் வளர்த்திருக்கிறது.

இதனிடையே கல்லீரலைச் சுற்றிப்போகும் வழி ஒன்று இங்கிலாந்தின் எஸெக்ஸில் திறந்திருந்தது. ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் தலைமைச் செவிலியராக இருந்த ஜீன் வார்டு, இதமான நாட்களில் குழந்தைகளை வெயில்படும் முற்றத்துக்கு எடுத்துச் செல்வார். 1956-இல் அவர் மருத்துவர்களிடம் காட்டிய குழந்தையின் உடல் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த ஒரு பகுதி மட்டும் ஆழ்ந்த மஞ்சளாக இருந்தது. பின்னர் வெயிலில் கிடந்துவிட்ட ரத்தமாதிரி ஒன்றில் பிலிரூபின் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தது. இவ்விரண்டையும் இணைத்து ரிச்சர்ட் கிரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ் மூவரும் நீல ஒளிவிளக்குத் தொட்டிலைச் செய்து, 1958-இல் முடிவை வெளியிட்டனர். ஒரு செவிலியரின் கவனிப்பு இத்தனை குழந்தைகளின் மூளையைக் காத்தது மருத்துவ வரலாற்றில் பெருமையோடு சொல்லப்பட வேண்டியது. அமெரிக்கா அதை ஏற்கப் பத்தாண்டு ஆயிற்று. ஜெரால்டு லூசி 1968-இல் வெர்மான்ட்டிலிருந்து குறைமாதக் குழந்தைகளிடம் நடத்திய ஒப்பீட்டை வெளியிட்ட பின்னரே அது பரவியது. ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றுவதால், குளுக்குரோனிக் அமிலம் சேராமலே அது பித்தத்தில் கரைந்து வெளியேறுகிறது என்பதை மெக்டோனாவும் லைட்னரும் 1980-ஐ ஒட்டி விளக்கினர்.

ஒளிக்கும் எல்லை உண்டு. 1000 கிராமும் அதற்குக் குறைவுமான 1974 குழந்தைகளிடம் நடந்து 2008-இல் வெளியான அமெரிக்க ஒப்பீட்டில், தீவிர ஒளி சிகிச்சை நரம்பு வளர்ச்சிக் குறைபாட்டைக் குறைத்தது. ஆனால் 501 முதல் 750 கிராம் வரையிலான மிகச் சிறியவர்களில் இறப்பு சற்றுக் கூடியிருந்தது.

செரிமானம் பற்றிய அறிவு இத்தனை துயரம் இன்றி வளர்ந்தது. குறைமாதக் குழந்தையின் பித்த அமிலத் தொகுப்பு சிறியது என்பதை வாட்கின்ஸ் குழுவினர் 1975-இல் அளந்தனர். பால் சர்க்கரையைச் சிதைக்கும் லாக்டேஸ் 26 முதல் 34 வாரத்தில் நிறைமாத அளவில் ஏறத்தாழ 30 விழுக்காடே இருப்பதை ஆன்டனோவிச்சும் லெபன்தாலும் 1977-இல் காட்டினர். கணையத்தின் கொழுப்பு நொதி குறைவாக இருந்தாலும், தாய்ப்பாலிலேயே பித்த உப்பால் தூண்டப்படும் கொழுப்பு நொதி ஒன்று இருக்கிறது. உணவே தன்னைச் செரிக்கும் கருவியையும் கொண்டுவருகிறது. பாலைக் கொதிக்கவைத்தால் அது அழிந்துபோகும்.

குடலின் பெரிய நோய் நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ் எனப்படும் குடற்சுவர் அழுகல். மிஸ்ராகி, பார்லோ, பிளாங்க் உள்ளிட்டோரின் 1965-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பின் அது தனிநோயாகக் கவனம் பெற்றது. மார்ட்டின் பெல் 1978-இல் அதன் படிநிலைகளை வகுத்தார். பால் குடிக்கத் தொடங்கியவர்களுக்கே பெரும்பாலும் வந்ததால், பாலே குற்றவாளி என்ற எண்ணம் மீண்டும் எழுந்தது. பல வார்டுகள் மறுபடி பாலை நாட்கணக்கில் தள்ளிப்போட்டன. ஆலன் லூகாஸும் டிம் கோலும் 1990-இல் 926 குறைமாதக் குழந்தைகளின் பதிவைக் கொண்டு காட்டியது வேறு. புட்டிப்பால் மட்டும் குடித்தவர்களுக்கு இந்நோய், தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட 6 முதல் 10 மடங்கு மிகுதி. பாலைத் தள்ளிப்போடுவதால் குடலுக்கு வேறொரு கேடும் உண்டு. பால் படாத குடல் சுருங்குகிறது; அதன் ஹார்மோன்கள் சுரப்பதில்லை. சில மில்லிலிட்டர் பாலே அவற்றை எழுப்பும் என்று லூகாஸ், புளூம், ஐன்ஸ்லி-கிரீன் ஆகியோர் 1986-இல் காட்டினர். ஊட்டத்துக்கென இல்லாமல் குடலைப் பழக்கவே சிறிதளவு பால் தரும் முறை அதிலிருந்து வளர்ந்தது.

பாலைத் தள்ளிப்போட முடிந்ததற்கு ஒரு காரணம், முழு உணவையும் சிரை வழியே ஏற்றும் முறை கைக்கு வந்துவிட்டதுதான். குடல் அடைப்போடு பிறந்த குழந்தையைச் சிரை உணவால் மட்டுமே வளர்த்த செய்தியை ஃபிலடெல்ஃபியாவின் வில்மோரும் டட்ரிக்கும் 1968-இல் வெளியிட்டனர். ஸ்வீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் உருவாக்கிய சோயா எண்ணெய்ப் பால்மம், சிரையில் ஏற்றத்தக்க கொழுப்பைத் தந்தது. பிழைக்கவே வழியற்றிருந்த குழந்தைகள் பிழைத்தனர். 1971-இலேயே பீடன் குழுவினர் மறுபக்கத்தையும் எழுதிவிட்டனர். சிரை உணவு பெற்ற குறைமாதக் குழந்தை ஒன்றின் கல்லீரலில் பித்தம் உறைந்து, கல்லீரலே இறுகத் தொடங்கியிருந்தது. 1979-இல் பீல் குழுவினரின் ஆய்வில், 1000 கிராமுக்குக் குறைந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பித்தத் தேக்கம் காணப்பட்டது. இந்தக் காமாலை முன்னதிலிருந்து வேறானது. இங்கே பக்குவப்பட்ட பிலிரூபினே வெளியேற வழியின்றித் தேங்குகிறது. ஒளி இதற்கு உதவாது. ஒளி பட்டால் குழந்தையின் தோல் வெண்கல நிறமாவதும் உண்டு.

சிரை வழியே போகும் எதுவும் கல்லீரலைத் தவிர்க்க முடியாது என்பதற்கு 1983-84-இல் அமெரிக்காவில் ஈ-ஃபெரால் என்னும் வைட்டமின் ஈ ஊசியால் நேர்ந்தது கொடிய சான்று. குறைமாதக் குழந்தைகளிடம் முன்கூட்டிச் சோதிக்கப்படாமல், அரசின் ஒப்புதலும் பெறாமல் அது விற்பனைக்கு வந்தது. கல்லீரல் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து 38 குழந்தைகள் இறந்ததோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. 1984 ஏப்ரலில் திரும்பப் பெறப்பட்டது. வைட்டமினைக் கரைக்கச் சேர்த்த பாலிசார்பேட்டுகள் மீதே பெரும் ஐயம் விழுந்தது.

சோயா பால்மத்திலுள்ள தாவர ஸ்டீரால்கள் பித்த ஓட்டத்தைத் தடுக்கக் கூடும் என்று 1990-களில் கிளேட்டன் குழுவினர் எழுதினர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாளுநர் கேத்லீன் குராவும் அறுவை மருத்துவர் மார்க் பூடரும், குடலின் நீளம் குறைந்துபோன இரு குழந்தைகளுக்குச் சோயாவுக்குப் பதில் மீன் எண்ணெய்ப் பால்மம் கொடுத்து, பித்தத் தேக்கம் நீங்கியதை 2006-இல் வெளியிட்டனர். 2018-இல் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனாலும் கல்லீரலுக்கு உகந்த மருந்து, சிரை உணவின் நாட்களைக் குறைப்பதே. பாலை எத்தனை வேகமாகக் கூட்டலாம் என்ற கேள்வி அதனால் கூர்மை பெற்றது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2804 குழந்தைகளிடம் நடந்து 2019-இல் வெளியான ஒப்பீட்டில், கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 18 மில்லிலிட்டர் வீதம் பால் கூட்டப்பட்டவர்கள் 10 நாளிலும், 30 மில்லிலிட்டர் வீதம் கூட்டப்பட்டவர்கள் 7 நாளிலும் முழுப்பாலுக்கு வந்தனர். குடற்சுவர் அழுகல் வேகமான பிரிவில் கூடவில்லை. 24 மாத வயதில் ஊனமின்றிப் பிழைத்தவர்களின் விகிதத்திலும் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.